அலையோரம் நான்கு நாள்: நோயாளியுடன் ஓர் அமைதியான கோடைப் பயணம்

கோடை விடுமுறை நெருங்கும் வாரங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படும் நேரத்தில்தான் பெரும்பாலும் அது வரும்: "பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. இவரையும் எங்கேயாவது அழைத்துக்கொண்டு போகலாமா, டாக்டர்?" கேட்பவர் பல வேளைகளில் நோயாளி அல்லர், அவரை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகனோ மருமகளோதான். தமக்கும் சற்று ஓய்வு கிடைக்குமா என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருப்பதை நாங்கள் அறிவோம்.

குடும்பங்கள் தாமாகவே காணும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, அச்சத்தால் பயணத்தையே கைவிடுதல். அவ்வாறு கைவிடும் வீடுகளில் நோயாளிக்குத் தம்மால் அனைவரும் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்ற குற்ற உணர்வு வளர்கிறது. பார்த்துக்கொள்பவருக்குச் சலிப்பு வளர்கிறது. மற்றொன்று, மூன்று நாளில் ஏழு கோயில், இரண்டு அருவி, ஓர் உறவினர் வீட்டுத் திருமணம் என்று அடுக்கிக்கொண்டு புறப்படுதல். இவ்வகைப் பயணத்தின் முடிவை நாங்கள் சில வேளைகளில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் காண்கிறோம்.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி உண்டு. சிறிய கடலோர ஊர் ஒன்றில் நான்கு நாள் தங்கி, அதிகம் எதுவும் செய்யாமல் திரும்பி வருவது. அதைத் திட்டமிடும் முறையை இக்கட்டுரையில் விளக்குகிறோம். எடுத்துக்காட்டாகத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்கிறோம். முறை புரிந்தால் வேறு எந்தக் கடலோர ஊருக்கும் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நாள், பிறகு ஊர்

வழக்கமாக நாம் ஊரை முடிவு செய்துவிட்டு, நோயாளியை அந்த ஊருக்கு ஏற்ப இழுத்துச் செல்கிறோம். இதனை மாற்ற வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு தாளை எடுத்து, நோயாளியின் ஒரு சாதாரண நாளை மணிவாரியாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், உணவுக்கு முன் எந்த மாத்திரை, உணவுக்குப் பின் எது, இன்சுலின் எப்போது, பகலில் எவ்வளவு நேரம் படுக்கிறார், எத்தனை முறை கழிப்பறை செல்கிறார், எவ்வளவு தொலைவு நடந்தால் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என அனைத்தும் அதில் இருக்கட்டும்.

அந்தத் தாள் சொல்லும் செய்திகள் பல. நீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு, மாத்திரை போட்ட அடுத்த சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் கழிய வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு அதைப் போட்டுவிட்டு எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறினால் அவர் படும் வேதனை சொல்லி மாளாது. பலர் இதற்கு அஞ்சியே பயண நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சிலர் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தீங்கானவை. அன்று மட்டும் அம்மாத்திரையை எந்நேரம் போடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டால், பெரும்பாலும் எளிய விடை கிடைத்துவிடும்.

இவ்வாறு எழுதிய நாள் எந்த ஊரில் சிதையாமல் நடக்குமோ, அந்த ஊரே உங்களுக்கு ஏற்ற ஊர்.

தரங்கம்பாடி ஏன்?

மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்ட டென்மார்க் நாட்டு வணிகர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் இவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு விற்கப்பட்டது. அதன்பின் வணிகம் நாகப்பட்டினம் போன்ற பிற துறைமுகங்களுக்கு நகர, ஊர் அமைதியில் ஆழ்ந்தது. அந்த அமைதியே இன்று நமக்குப் பயன்படுகிறது.

நோயாளியின் கண்கொண்டு பார்த்தால் இவ்வூருக்குச் சில தகுதிகள் உண்டு. 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலிலிருந்து கடற்கரை வரை செல்லும் ராஜவீதி நேரானது, சமதளமானது, குறுகிய தொலைவுடையது. மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கும் ஒருவர் மேடு பள்ளமின்றி நடக்க இயலும். கோட்டை, பழைய தேவாலயங்கள், கடற்கரை, கடலரிப்பில் ஒரு பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. ஒரு நாளுக்கு ஓரிடம் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு நாளில் எதையும் தவறவிட நேராது.

இன்னொரு தகுதி, மருத்துவ வசதிக்கு உள்ள தொலைவு. தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் காரைக்கால். அங்கே அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் மாவட்டத் தலைநகரான மயிலாடுதுறை. எந்தக் கடலோர ஊரைத் தேர்ந்தாலும் இக்கணக்கை முதலில் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எங்கே செல்வோம், எந்த வாகனத்தில் செல்வோம், எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாத ஊர், எவ்வளவு அழகாயினும், உங்களுக்கு ஏற்றதன்று. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படுமுன் கேட்டறிவது நல்லது.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் நிறைந்திருப்பதாகவும் அது நோய் தீர்க்கும் என்றும் சுற்றுலாக் குறிப்புகளில் காணலாம். இதை நம்பி ஆஸ்துமா நோயாளிகளை அழைத்துச் செல்ல வேண்டாம். நாம் சுவாசிக்கும் உயரத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்கு எரிச்சலூட்டும் வாயுவே. கடற்கரை தரும் நன்மை வேறு. போக்குவரத்துப் புகை குறைவு, இரைச்சல் குறைவு, கண்ணுக்குத் தடையற்ற வெளி, வேலை ஏதும் இல்லாத நேரம் ஆகியவையே அந்நன்மை. மருந்துக்கு அது மாற்றாகாது.

எந்த வாரம், எந்த நேரம்?

கத்திரி வெயில் ஆண்டுதோறும் மே 4 அளவில் தொடங்கி அம்மாத இறுதியை ஒட்டி முடிகிறது. கூடுமானால் அதைத் தவிர்த்து ஏப்ரல் இறுதியையோ, ஜூன் தொடக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். வார நாள்களே அமைதியானவை. சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் கடற்கரைக்கு வருவார்கள்.

கடலோரம் குளிர்ச்சியானது என்ற எண்ணத்தில் ஓர் ஆபத்து உண்டு. உள்நாட்டைவிட வெப்பநிலை சற்றுக் குறைவாயிருப்பினும், காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடல் குளிரும். எனவே வெயிலின் கடுமை தெரியாமலேயே உடல் சூடேறும். நீர் மாத்திரைகளும், இதயத் துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. வேறு சில மருந்துகள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். உங்கள் மருந்துகளில் அத்தகையவை உள்ளனவா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

தரையும் கடலும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதால் கடற்காற்று பெரும்பாலும் முற்பகல் கடந்தே வீசத் தொடங்கும். மேலைக்காற்று வலுத்த நாள்களில் அது தாமதப்படும். அன்று புழுக்கமும் வெப்பமும் மிகும். நம் கீழைக் கடற்கரையில் கதிரவன் கடலில் எழுவதால், காலை ஏழரை மணிக்கே வெயில் முகத்தில் அறையும். ஆகவே கரையில் இருக்கத் தக்க வேளைகள் இரண்டு: விடிந்தது முதல் ஏழரை வரை, மாலை ஐந்து முதல் இருட்டும் வரை. மாலையில் கதிரவன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் கரையில் நிழல் விழும். முதியோருக்கு மாலையே மிகவும் இதமானது. முற்பகல் பத்து முதல் பிற்பகல் நான்கு வரை அறையை விட்டு வெளியே வராதிருத்தல் நலம்.

போகும் வழி

சென்னையிலிருந்து செல்வோர் மயிலாடுதுறை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடியை அடையலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். நோயாளியுடன் செல்வோருக்குப் பேருந்தைவிட ரயில் ஏற்றது. கழிப்பறை உண்டு, காலை நீட்டலாம், எழுந்து நிற்கலாம். முன்பதிவின்போது மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேளுங்கள்.

அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. காரில் செல்வோர் மணிக்கொரு முறை நிறுத்தி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இறங்க இயலாத இடத்தில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தையும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலையும் மாறி மாறி உயர்த்தலாம்.

சென்று சேரும் நாளில் வேறு எந்தத் திட்டமும் வேண்டாம். அன்று கடலைப் பார்க்காமல் உறங்கிவிட்டாலும் இழப்பில்லை. மறுநாளும் கடல் அங்கேயே இருக்கும்.

மருந்துப் பை

மருந்துகளை இரண்டு பைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் முழுப் பயணத்துக்கும் மேலும் மூன்று நாளுக்கும் போதுமான மருந்து இருக்கட்டும். ஒன்று நோயாளியின் கைப்பையில், மற்றொன்று உடன் வருபவரிடம். மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் அளவையும் எழுதிய பட்டியல், அண்மைய டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இ.சி.ஜி. ஆகியவற்றின் நகல்களை உறையிலிட்டுக் கையோடு வையுங்கள், கைப்பேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை ஏதுமிருந்தால் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்துவோர், அதைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்சுலின் பற்றித் தனியே சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமலிருக்கும். ஆனால் கோடையில் அறையின் வெப்பமே 30 டிகிரியைக் கடந்துவிடும். தங்குமிடத்தில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் அதன் கதவுப் பகுதியில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. குளிர்பதனப் பெட்டி இல்லையெனில், பெரிய மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதனுள் சிறிய மண்பானையை வைத்து, இன்சுலினை உலர்ந்த டப்பாவிலிட்டுப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்து மணலை ஈரமாகவே வைத்திருந்தால் உட்புறம் குளிர்ந்திருக்கும். நிறுத்திய காருக்குள் இன்சுலினையோ இன்ஹேலரையோ ஒருபோதும் விட்டுச் செல்ல வேண்டாம்.

தங்குமிடத்தைக் கேட்டறியும் முறை

கடல் தெரியும் அறையா என்பதை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அறை தரைத்தளத்தில் உள்ளதா? வாசலில் எத்தனை படி? மேற்கத்திய கழிப்பறை உண்டா, அதன் அருகே பிடிமானம் உண்டா? குளியலறைத் தரை வழுக்குமா? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா? உப்பும் எண்ணெயும் குறைத்துச் சமைத்துத் தருவார்களா? இரவில் அழைத்தால் வாகனம் கிடைக்குமா? மூச்சுக்கருவி, நெபுலைசர் பயன்படுத்துவோருக்கு மின்சாரம் பற்றிய வினா மிக இன்றியமையாதது. தொலைபேசியிலேயே இவற்றைக் கேட்டு, விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி உடன் வருகிறார் என்பதை மறைக்க வேண்டாம்.

உணவும் நீரும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு, கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. நாட்டுப்படகுகள் மட்டுமே கடலுக்குச் செல்லும். கடலோர ஊரில் புதிய மீன் மலிந்து கிடக்கும் என்ற எதிர்பார்ப்போடு இக்காலத்தில் செல்வோர் ஏமாறுவார்கள். வேறிடங்களிலிருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரும் மீனும் விற்பனைக்கு வரும். அன்று கரைக்கு வந்த மீனா என்று கேட்டு வாங்குங்கள். நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இறால், நண்டு ஆகியவற்றில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி. ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இளநீர் கோடைக்கு உகந்தது என்பது பொதுவாக உண்மை. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அன்போடு யாரேனும் சீவி நீட்டினாலும் அவர்கள் மறுத்துவிட வேண்டும். அதுபோலவே, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற கோடைக்கால அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு விதித்திருப்போம். வெயிலில் அந்த அளவை மாற்றலாமா, எவ்வளவு மாற்றலாம் என்பதைப் புறப்படுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிறிய எடைக் கருவி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று கொண்டு, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புக் கரிக்கக்கூடும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். நம்பகமான குடிநீர் கிடைக்காதவிடத்துக் காய்ச்சி ஆறிய நீரே பாதுகாப்பானது.

கடலும் கால்களும்

நோயாளிகள் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்பதே எங்கள் பொதுவான அறிவுரை. வங்கக் கடலின் அலைகள் திரும்பும்போது இழுக்கும் வலிமை, நலமாக உள்ளவர்களையே நிலைகுலையச் செய்யும். கணுக்கால் நனையும் அளவோடு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். தையல் ஆறாத புண், வடிகுழாய், மருந்தேற்றக் கையில் பொருத்திய குழாய் ஆகியவை உள்ளவர்கள் அந்த அளவும் இறங்கலாகாது.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குன்றியவர்களுக்கு மணலே பகையாகலாம். சுடுமணல் சுட்டதும் தெரியாது; சிப்பி கிழித்ததும் தெரியாது. பின்புறம் பட்டை உள்ள செருப்பை அணிந்தே நடக்க வேண்டும். அறைக்குத் திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பிறர் ஒருவர் பார்க்க வேண்டும். மணலில் நடப்பதற்குத் தார்ச்சாலையில் நடப்பதைவிட மிகுந்த உழைப்பு தேவை. அத்துடன் வெப்பத்தில் இன்சுலின் விரைவாக உடலில் சேரும். ஆகவே சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கையிலிருக்கட்டும். வழக்கமாக நடக்கும் நேரத்தில் பாதி நேரம் மட்டும் மணலில் நடந்தால் போதும்.

டயாலிசிஸ், கீமோ பெறுவோர்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பயணமே செய்யக் கூடாது என்பதில்லை. இரண்டு சுழற்சிகளுக்கு இடையே ஓரிரவு தங்கித் திரும்பலாம். அல்லது செல்லும் பகுதியில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். அம்மையம் உங்கள் உலர் எடை, ஹெப்பாரின் அளவு, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் முதலியவற்றைக் கேட்கும். இவற்றைத் திரட்ட நாள் பிடிக்கும் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே எங்கள் டயாலிசிஸ் பிரிவில் சொல்லுங்கள். விடுமுறைக்காக ஒரு சுழற்சியைத் தவறவிடுவது மட்டும் கூடவே கூடாது.

கீமோதெரபி பெறுவோருக்கு மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அந்நாள்களில் பயணம் வேண்டாம். அடுத்த மருந்துக்கு முந்தைய வாரம் பலருக்கு ஏற்றதாயிருக்கும். ஆயினும் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பயணத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மாத்திரை போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவரின் விடுமுறை

வீட்டில் செய்யும் வேலையனைத்தையும் கடற்கரையில் செய்வது விடுமுறையாகாது. பல குடும்பங்களில் அம்மாவோ மருமகளோ பயணத்திலும் சமைத்து, துவைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரவில் விழித்திருந்து, களைத்துத் திரும்புகிறார். அடுத்த கோடையில் பயணம் என்றாலே அவர் அஞ்சுகிறார்.

ஆகவே திட்டம் எழுதும் தாளின் மறுபக்கத்தில் பார்த்துக்கொள்பவரின் நாளையும் எழுதுங்கள். நான்கு நாளும் சமையல் அவர் பொறுப்பன்று. நாள்தோறும் மூன்று மணி நேரம் அவருக்கே உரியது. அந்நேரத்தில் மாத்திரை, கழிப்பறை, தண்ணீர் எல்லாவற்றையும் மற்றொருவர் கவனிக்க வேண்டும். இதற்காக அவர் முந்தின வாரமே வீட்டில் இரண்டு நாள் பழகிக்கொள்ளட்டும். ஒரு மகன் தன் தந்தைக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொள்வதற்குக் கோடை விடுமுறை நல்லதொரு வாய்ப்பு. நோயாளியும் இதில் உதவலாம். தம்மால் இயன்றதைத் தாமே செய்துகொள்வதும், அந்த மூன்று மணி நேரத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைக்காதிருப்பதும் பெரிய உதவிகள்.

அவர் அந்நேரத்தில் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1706-இல் இவ்வூருக்கு வந்த சீகன்பால்கு அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்ட வரலாற்றை அறிந்து வந்து இரவில் எல்லாருக்கும் சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் உறங்கினாலும் சரியே.

தள்ளிவைக்க வேண்டிய வேளைகள்

புதிதாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றியிருந்தால், காய்ச்சல் இருந்தால், கடந்த ஒரு வாரத்தில் முக்கிய மருந்தின் அளவு மாற்றப்பட்டிருந்தால், கால் வீக்கம் கூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மாரடைப்போ, ஸ்டென்ட் சிகிச்சையோ, அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள் எத்தனை வாரம் கழித்துச் செல்லலாம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மருத்துவரின் இசைவு வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே என்ற எண்ணம் முடிவை மாற்றக் கூடாது. அதற்காகவே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்யுங்கள்.

ஊரில் இருக்கும்போது ஒருவர் பிதற்றினாலோ, தோல் கொதித்தாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். சர்க்கரை நோயாளியாயின் சர்க்கரை அளவையும் உடனே பாருங்கள். 108-ஐ அழையுங்கள், நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. நெஞ்சு வலி, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றிலும் அரை மணி பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

திரும்பிய பின் ஒரு நாளை முழு ஓய்வுக்கு ஒதுக்குங்கள். மறுநாளே அலுவலகம், பள்ளி, பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் பெற்ற அமைதி வீணாகும்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, இருபுறமும் எழுதிய அந்தத் தாளை எடுத்து வாருங்கள். கதவருகே நின்று கேட்க வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள். எந்த மாத்திரையை எந்நேரத்துக்கு மாற்றலாம், எவ்வளவு நீர் அருந்தலாம், எவ்வளவு தொலைவு நடக்கலாம் என்று உங்களோடு சேர்ந்து எழுதித் தர நாங்கள் காத்திருக்கிறோம்.